பின் அச்சைப் பிடிக்கும் கரம்

தாராவியின் தோற்பொருள்களையும் மண்பாண்டங்களையும் சந்தைக்குக் கொண்டு செல்வதில் பிக்கப் வண்டிகளுக்குப் பெரும் பங்குண்டு. அவற்றின் பின் அச்சு நகராது நிற்பது எதனால்?

சுருள் வில் பொருத்திய வண்டிகளில் இப்பணியைச் செய்வது கண்ட்ரோல் ஆர்ம் என்னும் இரும்புக் கரம். 2005இல் வெளிவந்த டாடா ஏஸ் போன்ற நம் சரக்கு வண்டிகளிலோ சுமையைத் தாங்குவதும் அச்சைப் பிடிப்பதும் பட்டை வில்லே. மிகைச்சுமையும் குழிவிழுந்த சாலையும் அதனை முறிக்கின்றன. முறிந்தால் அச்சு விலகி வண்டி ஒருபுறம் இழுக்கும்.

கரமாயினும் வில்லாயினும் மாற்றும் முறையின் அடிப்படை ஒன்றே. முதலில் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். பிறகு வண்டியை உயர்த்தி, சட்டத்தை உறுதியான தாங்கிகளின்மீது இறக்க வேண்டும்; அச்சுக்குத் தனியே முட்டுக் கொடுக்க வேண்டும். ரப்பர் புஷ்களின் ஊடே செல்லும் போல்ட்டுகளை முதலில் தளர்வாகவே பூட்டி, வண்டியின் எடை சக்கரங்களில் அமர்ந்த பின்னரே முழுமையாக முடுக்க வேண்டும். அந்தரத்தில் முடுக்கினால் ரப்பர் முறுக்கேறி விரைவில் கிழியும். பட்டை வில்லாயின் புதிய யூ-போல்ட்டுகளையே இடுதல் நன்று. சில நாள் ஓட்டத்திற்குப் பின் அவற்றை மீண்டும் சோதிக்க வேண்டும்.

தெருவோரப் பட்டறைகளில் ஜாக்கி ஒன்றையே நம்பி வண்டிக்கடியில் படுக்கும் இளைஞர் பலர். ஜாக்கி உயர்த்துவதற்கே, தாங்கி நிற்பதற்கன்று. சிறுதொழிற் கடன் வழங்குவோர் கருவிப் பட்டியலில் இரண்டு தாங்கிகளையும் சேர்த்தால், வண்டியோடு ஓர் உயிரும் காக்கப்படும்.