கண்ணாடிக் கை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் தெருவில் பிறந்திருக்கும் குழந்தையின் இடக்கையில் ஏழு விரல்கள் இருப்பதையும், அவற்றுள் கட்டைவிரல் என்று சொல்லத்தக்கது ஒன்றுகூட இல்லாததையும் எழுதி, கிரகண வேளையில் தாய் வெளியே வந்ததன் விளைவே இது என்று பெரியவர்கள் பேசிக்கொள்வது மெய்தானா என்று கேட்டிருக்கிறாய். மெய்யன்று. பிள்ளை பெற்ற களைப்புத் தீராத ஒருத்தியின்மேல் இப்பழியைச் சுமத்துவது பெரும் அநியாயம். ஆகையால் விரிவாகவே எழுதுகிறேன்.

மிக அபூர்வமான இந்தக் கைக்குக் கண்ணாடிக் கை என்று பெயர். நடுவே ஆள்காட்டிவிரலை ஒத்த ஒன்று நிற்க, அதன் இரு மருங்கிலும் நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் என்ற அதே வரிசை, பிம்பமும் பிரதிபிம்பமும்போல அமைந்திருக்கும். முன்கையிலும் கட்டைவிரல் பக்கத்து எலும்பு இராமல், சுண்டுவிரல் பக்கத்து எலும்பே இரண்டாக இருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு மிகையான விரல்களே படுகின்றன. குழந்தைக்கு உண்மையில் நஷ்டமோ, மடங்க மறுக்கும் முழங்கையும், உள்நோக்கி வளைந்த மணிக்கட்டும், பொருளைப் பற்றுவதற்குக் கட்டைவிரல் இல்லாமையுமே.

கரு உண்டான நான்காம் வாரத்தில் கை ஒரு சிறு மொட்டாகத் தோன்றி, எட்டாம் வாரத்துக்குள் விரல்கள் பிரிந்துவிடுகின்றன. தான் கர்ப்பமுற்றிருப்பதைத் தாய் திண்ணமாக அறியுமுன்பே இச்சிருஷ்டியில் பெரும்பகுதி நடந்தேறிவிடுவதும் உண்டு. அந்த மொட்டின் சுண்டுவிரல் ஓரத்தில் உள்ள சிறு பகுதியே, எந்த விரல் எங்கே அமைய வேண்டும் என்பதை நிர்ணயிக்கிறது. 1968-இல் சாண்டர்ஸ், காஸலிங் என்னும் இரு விஞ்ஞானிகள், கோழிக் கருவின் சிறகு மொட்டிலிருந்து அந்தப் பகுதியை எடுத்து இன்னொரு மொட்டின் எதிர் ஓரத்தில் ஒட்டவைத்தபோது, அச்சிறகில் விரல்கள் இருபுறமும் பிரதிபிம்பமாக முளைத்தன. அங்கிருந்து பரவும் புரதம் சானிக் ஹெட்ஜ்ஹாக் என்பது 1993-இல் தெளிவாயிற்று. மனிதக் குழந்தையிலும் இதனை ஒத்த குழப்பமே நேர்ந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. ஆனால் அக்குழப்பத்தைத் தூண்டியது எது என்பது பெரும்பாலான குழந்தைகளில் புலப்படுவதில்லை. வழக்கமாக ஒரு கையில் மட்டுமே காணப்படும் இது, பரம்பரையாக வருவது மிக அரிது. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இதில் யாதொரு சம்பந்தமும் இல்லை.

சிகிச்சையில் விரல்களை ஐந்தாகக் குறைப்பதே காரியம் என்று நினைத்துவிடாதே. மணிக்கட்டையும் முழங்கையையும் பக்குவமாக நீவி இளக்குவதும், தாங்குகட்டு அணிவிப்பதும் கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்க வேண்டும். முழங்கை பிறகும் மடங்காவிட்டால், அங்கே மிகையாக உள்ள எலும்பின் மேல்நுனியை அகற்றுவதுண்டு. இவை எல்லாவற்றினும் வியப்புக்குரியது விரலைக் கட்டைவிரலாக்கும் சத்திர சிகிச்சை. வெளிப்புற விரல்களுள் நன்கு இயங்கும் ஒன்றைத் தேர்ந்து, அதன் நரம்புகளும் ரத்தக்குழாய்களும் அறுபடாமல் காத்து, உள்ளங்கைப் பகுதியில் உள்ள அதன் எலும்பைக் குறுக்கி, மற்ற விரல்களை எதிர்நோக்குமாறு அதனைத் திருப்பிப் பொருத்துகிறார்கள். மிகையான விரல்களை நீக்கினாலும், அவற்றின் தசைநார்களைப் புதிய கட்டைவிரலுக்கோ மணிக்கட்டுக்கோ வலுச் சேர்க்கப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். கர்ப்பிணிகள் உட்கொண்ட தாலிடோமைட் மருந்தின் கொடுமையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் அவயவக் குறையுடன் பிறந்த ஜெர்மனியில், ஹாம்பர்க் நகர நிபுணர் பக்-கிராம்கோ இம்முறையைச் செம்மைப்படுத்தி 1971-இல் வெளியிட்ட கட்டுரை, இன்றும் இத்துறையினருக்கு வழிகாட்டியாக நிற்கிறது. இதைச் செய்துகொண்ட கை பிறவியிலேயே ஐவிரல் பெற்ற கைக்கு முற்றும் நிகராகிவிடாது. முழங்கையின் விறைப்பு ஓரளவு நீடிக்கக்கூடும். என்றாலும் டம்ளரைப் பற்றவும் பொத்தானைப் போடவும் பென்சிலைப் பிடிக்கவும் வழி பிறக்கிறது.

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைச் சிகிச்சைக்கென்றே தனித்துறை இருக்கிறது. அவசரப்பட்டு உள்ளூரில் யாரிடமும் விரலை வெட்டிக்கொள்ள வேண்டாம் என்றும், எந்த விரல் கட்டைவிரலாகப் போகிறது என்பதை நிபுணரே தீர்மானிக்கட்டும் என்றும் குழந்தையின் தகப்பனாரிடம் உடனே சொல். அவர்களோடு நீயும் கூடப் போவாயானால், முழங்கை இப்போது எவ்வளவு மடங்குகிறது என்று மருத்துவர் சொல்வதைக் கேட்டு எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் மாமா