வயதைப் பார்த்துத் தீர்ப்பிடலாமா?



எட்டாம் கற்பனை பொய்ச்சாட்சியை மட்டுமல்ல, தக்க ஆதாரமின்றிப் பிறர்மேல் தப்பெண்ணம் கொள்வதையும் விலக்குகிறது என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். ஓர் ஆளைப்பற்றிக் கொள்ளும் தப்பெண்ணம் பாவமென்று அறிவோம். ஒரு வயதினர் எல்லோரையும் பற்றிக் கொள்ளும் தப்பெண்ணத்தையோ நாம் பாவமாக நினைப்பதேயில்லை. ஏனெனில் சினிமாவும் தொலைக்காட்சியும் அதை நமக்கு நாள்தோறும் ஊட்டிவருகின்றன.

சற்றே யோசித்துப் பாருங்கள். திரையில் வரும் கிழவி ஒன்று அழுவாள், இல்லையேல் மருமகளை வதைப்பாள். கிழவர் இருமுவார், காது கேளாமல் பிறர் சிரிக்க இடந்தருவார். வாலிபன் ஊர் சுற்றுவான். தகப்பனை எதிர்த்துப் பேசுவான். குழந்தையோ வாய்த்துடுக்காய்ப் பேசிக் கைதட்டல் வாங்கும். கதை சீக்கிரம் விளங்க இத்தகைய அச்சுகள் உதவுகின்றன. ஆனால் மனிதரை அவை அமுக்கிவிடுகின்றன.

1952-ல் வெளிவந்த 'பராசக்தி'யில் சிவாஜி கணேசனின் காதலியாக நடித்தவர் பண்டரிபாய். 1969-ல் 'தெய்வமகன்' படத்தில் அதே சிவாஜி ஏற்ற மகன் வேடங்களுக்கு அவர் தாயானார். இடையில் கழிந்தவை 17 ஆண்டுகளே. கதாநாயகன் கதாநாயகனாகவே இருக்க, நடிகைக்கு மட்டும் முதுமை விரைந்து வந்துவிட்டது!

சர்வேசுரன் இவ்விதம் தீர்ப்பிடுவதில்லை. 1958-ல் 23-ம் அருளப்பர் தமது 76-ம் வயதில் பாப்பரசரானார். வயோதிகர், கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போவார் என்றே பலரும் எண்ணினர். அவரோ மூன்று மாதத்திற்குள், 1959 ஜனவரி 25-ல், பொதுச்சங்கம் கூட்டப்போவதாக அறிவித்து உலகைத் திகைக்கவைத்தார். இரண்டாம் வத்திக்கான் என்னும் அந்தச் சங்கமே 1963 டிசம்பர் 4-ல் சினிமா, வானொலி, தொலைக்காட்சி பற்றிய ஏட்டை வெளியிட்டு, அவற்றைத் தயாரிப்போருக்கு மட்டுமல்ல, பார்ப்போருக்கும் பொறுப்புண்டு எனப் போதித்தது.

கம்ப்யூட்டரே கதியென்று கிடக்கும் பிள்ளைகள் உருப்படமாட்டார்கள் என்கிறோம். இத்தாலியச் சிறுவன் கார்லோ அக்குத்திஸ் அதே கம்ப்யூட்டரைக் கொண்டு தேவநற்கருணைப் புதுமைகளைத் திரட்டி உலகறியச் செய்தான். 2006-ல், 15 வயதில் மரித்த அவனை, 2025 செப்டம்பர் 7-ல் திருச்சபை அர்ச்சியசிஷ்டவனாகப் பிரகடனம் செய்தது.

இந்தத் தப்பெண்ணம் திரையோடு நிற்பதில்லை. நம் வீட்டிற்குள்ளும் நுழைகிறது. "உங்களுக்கு ஒன்றும் புரியாது, பேசாமலிருங்கள்" என்று தினமும் கேட்கும் பாட்டி, தான் ஒரு பாரமென்றே நம்பத் தொடங்குகிறாள்; நோவைக்கூட வெளியே சொல்வதில்லை. "இந்தக் காலத்துப் பையன்களே இப்படித்தான்" என்று ஓயாமல் கேட்கும் மகன், தன் துன்பத்தைப் பெற்றோரிடம் சொல்லாமல் வேறெங்கோ தேடிப்போகிறான். நான்காம் கற்பனையும் எட்டாம் கற்பனையும் ஒருசேர மீறப்படும் இடம் இதுவே.

குழந்தை சேசுவைத் தேவாலயத்தில் கண்டறிந்தவர்கள் முதியோரான சிமியோனும் அன்னம்மாளுமே. பன்னிரண்டு வயதுப் பாலனாக அவர் பேசியதைக் கேட்டு அதே ஆலயத்தில் போதகர்கள் வியந்தார்கள்.

ஆகையால் பெற்றோரே, இவ்வாரம் ஒரு தீர்மானம் செய்யுங்கள். பிள்ளைகளோடு அமர்ந்து படம் பார்க்கையில், "நம் தாத்தா இப்படித்தானா? உன் அண்ணன் இப்படித்தானா?" என்று கேளுங்கள். இரவு ஜெபமாலை முடிந்தபின் வீட்டில் மூத்தவரையும் இளையவரையும் பேசவிட்டு, இடைமறிக்காமல் கேளுங்கள். உங்கள் வீட்டிலேயே இதுவரை அறியாத ஒருவரை அன்று அறிந்துகொள்வீர்கள்.