தரவுப் பதிவும் எக்ஸ்.எம்.எல். வடிவமும்

கல்லூரியின் சேர்விடாப்பைக் கண்டறியாதார் நம்முள் எவருமிலர். ஒரு நிரையில் ஒரு மாணவன். சேர்விலக்கம், பெயர், பிறந்த திகதி, விலாசம் என நிரலுக்கொரு செய்தி. கணினித் தரவுத்தளமும் இத்தகையதே. எட்கர் கொட் என்னும் அறிஞர் 1970 ஆம் ஆண்டில் வெளியிட்ட தொடர்புசார் முறையில், செய்திகள் யாவும் நிரையும் நிரலுமாகிய அட்டவணைகளிலே அமைகின்றன. அவ்வட்டவணையிலுள்ள பதிவொன்றைப் பிறிதொரு கணினிக்கு அனுப்புமாறு எங்ஙனம்? இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இடாப்பினின்று பிரித்தெடுத்த நிரைக்குத் தலைப்பில்லை. 1958 என்னும் எண்ணை மாத்திரம் கண்டவன், அது சேர்ந்த ஆண்டோ சேர்விலக்கமோ என அறியான். ஆதலின் ஒவ்வொரு செய்தியும் தன் பெயரைத் தன்னுடன் சுமந்து செல்லல் வேண்டும். அதற்கு உதவுவதே எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழி. இதன் முதற் பதிப்பு 1998 பெப்புருவரி 10 ஆம் நாள் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது. நமது பதிவு அதில் பின்வருமாறு அமையும்:

<மாணவர்>
<சேர்விலக்கம்>214</சேர்விலக்கம்>
<சேர்ந்த-ஆண்டு>1958</சேர்ந்த-ஆண்டு>
</மாணவர்>

குறிகளின் பெயர்களைத் தமிழெழுத்திலே எழுதவும் அம்மொழியின் விதி இடந்தருகின்றது.

இம்மாற்றத்தைக் கையால் எழுதவேண்டுவதில்லை. டேவிட் ஹைனமையர் ஹான்சன் 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட ரூபி ஒன் ரெயில்ஸ் என்னும் இணையச் செயலிச் சட்டகத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு பதிவை நோக்கி 'டு எக்ஸ்எம்எல்' என ஏவின், நிரல்கள் யாவும் குறிகளாகிவிடும். 2016 இல் வந்த 5.0 ஆம் பதிப்பிலே பதிவுகளுக்குரிய இவ்வசதி மையத்தினின்று நீக்கப்பெற்றுத் தனிப் பொதியாயிற்று. வேண்டுவோர் அதனை இணைத்துக்கொள்ளலாம். ஏவல் எளிது; எனினும் ஏவுமுன் மூன்று விடயங்களைச் சிந்தித்தல் வேண்டும்.

முதலாவது, செய்தியின் வகை. எக்ஸ்.எம்.எல். ஆவணத்தில் எண்ணும் திகதியும் வெறும் எழுத்தாகவே தோன்றும். ஆதலின் இஃது எண், இது திகதி என்னும் குறிப்பைச் சட்டகம் தானே குறியினுட் சேர்க்கின்றது. இன்னும், வெற்றெழுத்து வேறு. மதிப்பே பதியப்படாமை வேறு. பின்னதற்கு 'நில்' என்னும் அடையாளம் இடப்படும். இவற்றைக் களைந்துவிடின், பெறுபவர் அறியப்படாததை இல்லாததெனக் கொண்டு மயங்குவர்.

இரண்டாவது, அட்டவணைகளிடையேயுள்ள தொடர்பு. பரீட்சைப் பெறுபேறுகள் வேறோர் அட்டவணையிலே கிடக்கும். 'இன்க்ளூட்' என்னும் விருப்பத்தைக் கொடுப்பின் அவை மாணவர் பதிவினுள்ளே கிளைகளாய் அமைய, தட்டையான அட்டவணை மரவடிவு பெறும். ஆயின் நூறு மாணவரை இவ்வாறு மாற்றுங்கால், மாணவருக்கு ஒரு வினவலும் அவரவர் பெறுபேற்றுக்கு ஒவ்வொரு வினவலுமாக நூற்றொரு வினவல்கள் தரவுத்தளத்துக்குச் செல்லக்கூடும். பெறுபேறுகளை முற்கூட்டித் திரட்டினால் இரண்டு வினவல்களே போதும்.

மூன்றாவதே தலையாயது: எதனை அனுப்பாது விடுதல் என்பது. விருப்பம் எதுவும் கூறாது ஏவின் எல்லா நிரல்களும் வெளியே செல்லும். தொலைபேசி இலக்கமும் செல்லும், கடவுச்சொல்லின் மறைவடிவமும் செல்லும். இதனைத் தடுக்க இரு வழிகளுள. 'எக்செப்ட்' என்பது இவை நீங்கலாக ஏனையவெல்லாம் என்பது. 'ஒன்லி' என்பது இவை மாத்திரம் என்பது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. அடுத்த ஆண்டில் ஒருவர் அவ்வட்டவணையில் அடையாள அட்டை இலக்கத்துக்கென ஒரு நிரலைச் சேர்க்கின்றார் எனக் கொள்வோம். முதல் வழியைக் கைக்கொண்டிருப்பின் அவ்விலக்கம் எவரும் அறியாமலே வெளிச்செல்லும். இரண்டாம் வழியாயின், ஒருவர் சிந்தித்து அனுமதிக்கும்வரை உள்ளேயே இருக்கும். கிளையாகச் சேர்க்கும் அட்டவணைக்கும் இவ்வரையறையைத் தனியே கூறல் வேண்டும். தாய்ப் பதிவுக்கு இட்ட தடை சேய்ப் பதிவைக் கட்டுப்படுத்தாது.

எக்ஸ்.எம்.எல். இருந்த இடங்கள் பலவற்றில் இன்று ஜேசன் என்னும் வடிவம் வழங்குகின்றது. அங்கும் இவ்விரு விருப்பங்களே உள; ஆபத்தும் அதுவே. நம் நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளமையால், இஃது ஒழுக்கத்தைப் பொறுத்தது மாத்திரமன்று, சட்டத்தையும் பொறுத்ததாகும்.

நம்மிற் பலர் விடுகைப் பத்திரம் வேண்டிக் கல்லூரிக் கந்தோருக்குச் சென்றிருப்போம். இலிகிதர் இடாப்பைத் தூக்கி நம் கையிற் கொடுத்தாரல்லர். அதனைத் தம் மேசைமீது விரித்துவைத்து, பத்திரத்துக்கு வேண்டியனவற்றை மாத்திரம் பார்த்தெழுதி, ஒருமுறை ஒப்புநோக்கிய பின்னரே தந்தார். அடுத்த நிரையிலிருந்த மாணவனைப்பற்றி நாம் ஒன்றும் அறிந்திலேம். கணினி அவரினும் பன்மடங்கு விரைவாகப் பிரதி செய்யும். எதனைப் பிரதி செய்யலாகாது என்பதைத் தானாக அறியாது. அதனை அறிந்து அதற்குச் சொல்லும் பொறுப்பு, இத்துறையிற் புகும் நம் மாணவர்க்கே உரியதென்பதை வற்புறுத்தி இக்கட்டுரையை முடிக்கின்றோம்.