மஜ்ஜை மாற்றிய பிறகு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: “ஆபரேஷன் முடிஞ்சிருச்சு, பிள்ளை தேறிட்டான். இனி மத்த பிள்ளைங்க மாதிரிதான்.”

பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைகளுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று, கத்தி வைக்கும் ஆபரேஷன் அல்ல. கொடையாளியின் ஸ்டெம் செல்களை ரத்தம் ஏற்றுவது போலவே ரத்தக்குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். 1968-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டாக்டர் ராபர்ட் குட் குழுவினர் ஓர் ஆண் குழந்தைக்கு அவன் அக்காவின் மஜ்ஜையைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். நம் வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் மஜ்ஜை மாற்று நடக்கிறது. சென்னையிலும் நடக்கிறது.

ஏற்றுவது சில மணி நேரத்தில் முடிந்துவிடும், தேறுவதற்குத்தான் காலம் பிடிக்கும். பாக்டீரியாவை எதிர்க்கும் நியூட்ரோஃபில் அணுக்கள் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் வந்துவிடும். ரிப்போர்ட்டில் அந்த எண்ணிக்கை ஏறியதும் வீட்டார் நிம்மதி அடைவார்கள். ஆனால் வைரஸையும் பூஞ்சையையும் அடக்கும் டி செல்கள், நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் பக்குவப்பட்டு வெளியே வரப் பல மாதங்கள் ஆகும். முழுதாகத் தேற ஒன்று, இரண்டு வருடம்கூட ஆகலாம். எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்கள் இன்னும் தாமதம். ‘ஸ்கிட்’ என்னும் கடுமையான குறைபாடு உள்ள சில குழந்தைகளுக்கு டி செல்கள் நன்றாக வேலை செய்தும் பி செல்கள் தேறாமல் போவதுண்டு. அவர்களுக்கு எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலின் தொடர்ந்து போட வேண்டிவரும். அதைப் பார்த்து மாற்று தோற்றுவிட்டது என்று யாரும் மனம் உடைய வேண்டாம்.

நம்பிக்கை: “கையில ஊசி போட்ட இடம் சிவந்து, அக்குள்ல கட்டி வந்திருக்கு. புது மஜ்ஜை ஒத்துக்கலை.”

பிறந்தவுடன் கையில் போடும் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யில் இருப்பது உயிருள்ள கிருமி. எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தையின் உடம்பில் அது சத்தமில்லாமல் பரவியிருக்கலாம். புதிய டி செல்கள் வந்து அதை அடையாளம் கண்டு தாக்கும்போதுதான் அந்த இடம் சிவக்கிறது, நெறி கட்டுகிறது. பல நேரங்களில் எதிர்ப்புச் சக்தி திரும்புவதன் அறிகுறியே அது. ஆனாலும் மருந்தில்லாமல் விட முடியாது. கட்டியைக் கீறாமல், பற்றுப் போடாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

நம்பிக்கை: “தடுப்பூசியெல்லாம் முன்னமே போட்டாச்சு.”

பழைய ஊசிகளின் பலன் பெரும்பாலும் போயிருக்கும், அதனால் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். உயிரற்ற கிருமியால் ஆன ஊசிகளை டாக்டர் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் தொடங்குவார். தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளுக்குக் குறைந்தது இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். போலியோ முகாம் நாளில் இந்தப் பிள்ளைக்குச் சொட்டு மருந்து கூடாது. அதே வீட்டில் இருக்கும் தம்பி தங்கைக்கும் சொட்டுக்குப் பதில் ஊசியாகப் போடலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், ஏனென்றால் சொட்டு மருந்தின் வைரஸ் மலத்தோடு வெளியே வரும்.

நம்பிக்கை: “அம்மைக்கு ஆஸ்பத்திரி கூடாது.”

இந்த ஒன்றில் மட்டும் ஊர்ப் பெரியவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வேப்பிலை கட்டுங்கள், ஆத்தாளுக்கு நேர்ந்துகொள்ளுங்கள். ஆனால் பக்கத்து வீட்டில் யாருக்காவது சின்னம்மை கண்டால், இந்தப் பிள்ளைக்குக் கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் சிகிச்சை செய்த டாக்டருக்கு உடனே போன் செய்யுங்கள். எதிர்ப்பொருள் அடங்கிய பாதுகாப்பு ஊசியைப் பொதுவாக நான்கு நாளுக்குள் போடுவது நல்லது. காய்ச்சல் அடித்தாலும் பாராசிட்டமால் கொடுத்து மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

நம்பிக்கை: “நண்டு சூப்பும் நிலவேம்பும் எதிர்ப்புச் சக்தி ஏத்தும்.”

இல்லாத டி செல்லை எந்தச் சூப்பும் உண்டாக்காது. டாக்டர் அனுமதித்த பிறகு நன்றாக வெந்த மீனும் நண்டும் நல்ல சாப்பாடுதான். அரைவேக்காடு ஆகாது. கஷாயங்கள், மாற்றுக்குப் பின் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளின் அளவைக் குலைக்கக்கூடும். சாப்பாட்டில் மட்டுமல்ல, தண்ணீரிலும் கவனம் வேண்டும்: பழவேற்காடு ஏரி போன்ற உவர்நீரில் வாழும் விப்ரியோ கிருமிகள் சின்னக் காயம் வழியாகவே உள்ளே போகும். அதனால் டாக்டர் சொல்லும்வரை பிள்ளையை ஏரியில் இறக்க வேண்டாம்.

நம்பிக்கை: “மஜ்ஜை கொடுத்தால் முதுகெலும்பு போய்விடும், வலை இழுக்க முடியாது.”

முதுகெலும்பைத் தொடுவதே இல்லை. மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் எடுப்பார்கள், அல்லது கையிலிருந்து எந்திரம் வழியாகப் பிரிப்பார்கள். கொடுத்த மஜ்ஜை சில வாரங்களில் ஊறிவிடும்.

நம்பிக்கை: “மீன்பிடிக்கிற குடும்பத்துக்கு இது ஆகிற காரியமா?”

2021-இல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையில் ஸ்கிட் இடம்பெற்றிருக்கிறது. அதற்கென அறிவிக்கப்பட்ட உயர் சிகிச்சை மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற வழி உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தையும் விசாரியுங்கள். தள்ளிப்போடத்தான் கூடாது. 2000 முதல் 2009 வரை மாற்று செய்யப்பட்ட 240 ஸ்கிட் குழந்தைகளைப் பற்றிய அமெரிக்க ஆய்வில், மூன்றரை மாத வயதுக்குள் மாற்று பெற்றவர்களில் 94 சதவீதம் பேர் ஐந்து வருடம் தாண்டி உயிரோடு இருந்தார்கள். அந்த வயதைக் கடந்து, நோய்த்தொற்று அடங்காத நிலையில் பெற்றவர்களில் பாதிப் பேரே பிழைத்தார்கள்.

எந்தத் திட்டத்திலும் அடங்காதது, முதல் நூறு நாள் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கும் தகப்பன் இழக்கும் வருமானம். நம் கரையில் முறை வைத்து வலை இறக்கும் பாடு முறை இருக்கிறதே, அவர் முறை வரும் நாளில் கூட்டாளிகள் வலை இறக்கி, அவர் பங்கை அவர் கையில் சேர்க்கலாம்.