மன்னார் வளைகுடாவுக்கு அடியில் ஒரு பழைய பிளவு

ராஜபாளையத்திலிருந்து மேற்கே தெரியுதே மலை, அது முழுக்க சார்னோக்கைட், நைஸ் மாதிரியான கெட்டிப் பழம்பாறை. அங்கே எரிவாயு கிடையாது. ஆனா கிழக்கே தூத்துக்குடி கரையைத் தாண்டினா, அந்தப் பழம்பாறை ஆழத்துக்கு இறங்கிடுது. அதுக்கு மேல பல கிலோமீட்டருக்கு மணலும் களிமண்ணும் அடுக்கடுக்கா இருக்கு. ஏன் அங்கே மட்டும்?

இழுத்தா என்ன ஆகும்?

சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா, இலங்கை, அண்டார்டிகா மூன்றும் கோண்ட்வானா என்ற பெருங்கண்டத்தில் ஒட்டியிருந்தன. பிறகு அது இழுபட ஆரம்பித்தது. நம்ம ஊர் ஸ்பின்னிங் மில்லில் டிராஃப்டிங் ரோலர் ஸ்லைவரை இழுக்கும்போது நீளம் கூடும், தடிமன் குறையும். கண்டத்தின் ஓடும் அப்படித்தான் மெலிந்தது. ஒரே வித்தியாசம்: பஞ்சு நழுவிக் கொடுக்கும், மேல்பாறை முறியும். முறிந்ததில் சில துண்டுகள் கீழே சரிந்தன. அந்தப் பள்ளம் கிராபென். சில மேலேயே நின்றன. அந்த மேடு ஹார்ஸ்ட். காவிரிப் படுகையும் மன்னார் படுகையும் இப்படி உருவானவைதான். அண்டார்டிகா விலகிப் போச்சு. இலங்கைக்கும் நமக்கும் நடுவே பிளவு பாதியில் நின்றதால், இலங்கை பக்கத்திலேயே இருக்கு.

பள்ளம் நிரம்பிய வரிசை

1. இழுப்பு நடந்தபோது: சரளை, மணல், ஏரிச் சேறு. பிளவுக்கு அருகே தடிமனாகவும், தள்ளிப் போனால் மெலிந்தும் இருக்கும்.

2. கடல் புகுந்தபின்: உயிர்ப்பொருள் கலந்த கருஞ்சேறு. வாயு தரும் மூலப்பாறை பெரும்பாலும் இதுதான்.

3. இழுப்பு நின்றபின்: சூடான ஓடு ஆறிச் சுருங்கி மெதுவா தாழ்ந்தது. அடுக்குகள் பள்ளம் மேடு இரண்டையும் மூடி அகலமாகப் படிந்தன. ஆழ்கடலுக்குச் சரிந்த மணலும், அதன் மேல் களிமண் மூடியும் இந்தக் கட்டத்தில் வந்தவை.

ஒரு கிலோமீட்டர் இறங்கினா பொதுவா 25 முதல் 30 டிகிரி சூடு ஏறும். ஆழத்தில் புதைந்த மூலப்பாறை வெந்து வாயு கிளம்பும், மணலின் துளைகளில் ஏறும், களிமண் மூடி தடுத்தால் தங்கும்.

கிணறு சொன்ன பதில்

2011-ல் கெய்ர்ன் லங்கா நிறுவனம் இலங்கைப் பக்கக் கடலில் டொராடோ கிணற்றைத் தோண்டியது. தண்ணீரின் ஆழமே 1,354 மீட்டர். 192 அடி ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தை ஒன்றின் மேல் ஒன்றாக 23 அடுக்கினால் வரும் உயரம்! சுமார் 3,050 மீட்டரில் மணற்கல்லில் வாயு கிடைத்தது. அடுத்து பாரகூடா கிணற்றிலும் கிடைத்தது. ஆனா டொராடோ நார்த் வெறுங்கிணறு. ஒரே படுகைதான். மூலப்பாறை, மணல், மூடி, வாயு தங்கும் வடிவம் நாலும் ஒரே இடத்தில் சேரணும். ஒன்று குறைஞ்சாலும் செலவழித்த பணம் கடலோடு போச்சு.

இப்போ புதுச்சேரி கடலில் உள்ள பி.ஒய்-1 களத்தைப் பாருங்க. அங்கே வாயு இருப்பது மணலில் இல்லை. விரிசல் விட்ட கிரானைட் பழம்பாறையில்!

நோட்டில் ஒரு கிராபெனும் ஹார்ஸ்டும் வரைந்து, மூன்று கட்ட அடுக்குகளையும் நிரப்பிப் பாருங்க. கெட்டிப் பாறைக்குள் வாயு எந்த வழியாக வந்திருக்கும்? நம்ம மலைப்பாறையிலும் விரிசல் இருக்கு. அப்புறம் ஏன் வாயு இல்லை? விடையை வகுப்பில் பேசுவோம்.