ஃபிலிம் கழுவ எவ்வளவு கெமிஸ்ட்ரி தெரியணும்?

கறுப்பு-வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவலாம் என்றால், "நான் ப்ளஸ் டூவில் காமர்ஸ் குரூப் ஆச்சே!" என்று பின்வாங்குகிறார்கள். வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பை டெவலப்பர் கறுத்த வெள்ளியாக்கும்; வெளிச்சம் படாமல் மிஞ்சிய உப்பை ஃபிக்ஸர் கரைத்து எடுத்துவிடும். பாடம் முடிந்தது. மெட்டால், ஹைட்ரோகுவினோன் என்று வாங்கித் தராசில் நிறுக்கும் ஆசையெல்லாம் பிறகு. டி-76 என்ற ரெடிமேட் டெவலப்பர் பாக்கெட்டை முந்தின நாளே வெந்நீரில் கரைத்து ஆறவையுங்கள்.

இருட்டில் ஃபிலிமை ரீலில் ஏற்றி டேங்குக்குள் வைத்து மூடுவது கைப்பழக்கம். வீணான ஃபிலிம் ஒன்றை வெளிச்சத்தில் ஏற்றிப் பார்த்தால் வந்துவிடும்.

எல்லோரும் சறுக்குவது தண்ணீரின் சூட்டில்தான். எச்பி5 ப்ளஸ் ஃபிலிமுக்கு டி-76-ஐச் சரிபாதி நீர் கலந்து ஊற்றினால், 20 டிகிரியில் 11 நிமிடம். சென்னையில் மே மாதம் மாடித் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் 5 நிமிடம்கூடத் தேவைப்படாது. ஊற்றி வடிப்பதற்குள் படத்தில் வானம் திட்டுத்திட்டாகிவிடும். அதற்காக 20-க்கு இறக்க மல்லுக்கட்டவும் வேண்டாம். 24 போதும், சுமார் 8 நிமிடம். ஐஸை டெவலப்பருக்குள் போடாதீர்கள், நீர்த்துப்போகும். அதைவிட, டெவலப்பர் 30 டிகிரியில் 150 மில்லி இருந்தால், ஃப்ரிட்ஜ் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் கலந்து 18 டிகிரியில் 150 மில்லி சேருங்கள். கலவை 24-ல் வந்து நிற்கும். ஒரு ரோலுக்கு அந்த 300 மில்லி சரி. டேங்கை அதே சூட்டுத் தண்ணீர் உள்ள பேசினில் வையுங்கள். இல்லாவிட்டால் அறைச் சூடு உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். ஃபிக்ஸரும் பேசினிலேயே இருக்கட்டும். தெர்மாமீட்டர் வாங்கக் கணக்குப் பார்ப்பவர்கள் இந்த வேலைக்கே வர வேண்டாம்.

முதல் 10 விநாடியும், பிறகு நிமிடத்துக்கு 10 விநாடியும் டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். நேரம் முடிந்ததும் டெவலப்பரைக் கொட்டிவிடுங்கள். கலந்ததை மறுபடி பயன்படுத்தக் கூடாது. டெவலப்பர் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத்துக்குப் பதில் வெறும் தண்ணீரே போதும்.

ஃபிக்ஸருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க, வெட்டிப்போட்ட ஃபிலிம் நுனியை அதில் நனையுங்கள். பால் நிறம் போய்த் தெளிய எவ்வளவு நேரமோ, அதுபோல் இருமடங்கு நேரம் ரோலுக்கு. புதிதில் ஒரு நிமிடத்தில் தெளிந்தது இப்போது இரண்டு எடுத்தால், புதிது கரையுங்கள்.

ஃபிக்ஸருக்குப் பின் ஃபிலிமைத் தண்ணீரில் அலசுங்கள்; கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர். போர்வெல் தண்ணீரின் உப்பு, காய்ந்த ஃபிலிமில் வெள்ளைப் பொட்டாக நிற்கும். ஃபேனுக்கடியில் காயப்போட்டால் தூசி ஒட்டும். பாத்ரூம் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள்.