காய்கறிக்குச் சிறு கடன்: வட்டியை மட்டுமல்ல, தவணை நாளையும் பாருங்கள்

காய்கறிப் பயிர்கள் குறைந்த நிலத்தில், குறுகிய காலத்தில் பணம் தருபவை. கிணற்றுப் பாசனத்தில் 50 சென்ட் நிலம் உள்ளவர்கூட ஆண்டுக்கு இரண்டு போகம் காய்கறி எடுக்கலாம். ஆனால் விதை, நாற்று, தொழு உரம், பூச்சி மருந்து, களையெடுப்புக் கூலி என்று செலவெல்லாம் முன்னால் வந்து நிற்கும். வரவு, காய் பறித்த பிறகுதான். இந்த இடைவெளியைக் கடக்கவே சிறு கடன் தேவைப்படுகிறது. கணக்குப் பார்த்து வாங்கிய கடன் பயிரைக் காப்பாற்றும். கணக்கில்லாமல் வாங்கிய கடன் அடுத்த பயிரையும் சேர்த்து விழுங்கிவிடும்.

வட்டியில்லா முன்பணம்

பல ஊர்களில் கமிஷன் மண்டிக்காரர் வட்டியில்லாமல் முன்பணம் கொடுப்பது வழக்கம். காயை அவர் மண்டிக்கே கொண்டுவர வேண்டும் என்பதே நிபந்தனை. எடுத்துக்காட்டாக, 20,000 ரூபாய் முன்பணம் வாங்கிய விவசாயி 6 டன் தக்காளி போடுகிறார் என்று கொள்வோம். வேறு மண்டியைவிடக் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் 6,000 ரூபாய் நஷ்டம். நான்கைந்து மாதக் கடனுக்கு இது நூற்றுக்கு 30 ரூபாய் ஆகிறது. வட்டி என்ற பெயர் இல்லையே தவிர, வட்டி இருக்கிறது. வெளியில் கடன் பெற்றவர், விலை கிடைக்கும் மண்டிக்கோ உழவர் சந்தைக்கோ காயைக் கொண்டு போகலாம். சிறு கடனால் கிடைக்கும் முதல் நன்மை இதுதான்.

வட்டிக் கணக்கு

"12 சதவிகித வட்டி" என்று சொன்னால், அது முழுத் தொகைக்கா அல்லது குறைந்துவரும் பாக்கிக்கா என்று கேளுங்கள். 20,000 ரூபாய்க்கு முழுத் தொகை மீது 12 சதவிகிதம் என்றால் ஆண்டு வட்டி 2,400 ரூபாய். ஆனால் மாதந்தோறும் அசலைக் கட்டி வருவதால், ஆண்டு முழுவதும் 20,000 ரூபாயும் உங்கள் கையில் இருப்பதில்லை. உண்மையான வட்டி 21 சதவிகிதத்தைத் தாண்டிவிடும்.

தவணையும் அறுவடையும்

ஒரு கிராமப் பயிற்சியில் தக்காளி விவசாயி ஒருவர் சொன்னார்: "ஐயா, வட்டி எவ்வளவுன்னு கேட்டேன். எப்ப இருந்து கட்டணும்னு கேட்காம விட்டுட்டேன்." அவர் வாங்கியது வாரத் தவணைக் கடன்.

மேலே சொன்ன கடனை 50 வாரத் தவணையாகக் கட்டினால் வாரம் 448 ரூபாய். தக்காளிக்கு நாற்றங்காலில் 25 நாள். நட்ட பிறகு முதல் பறிப்புக்கு 60 முதல் 65 நாள். ஆக, முதல் பழம் பறிக்கும் முன்பே 12 தவணை, அதாவது 5,376 ரூபாய் கட்டியாக வேண்டும். இந்தப் பணம் எங்கிருந்து வரும்? வாங்கிய கடனிலிருந்துதான். நட்ட 30-ஆம் நாள் இட வேண்டிய மேலுரம் தவறுகிறது, மகசூல் குறைகிறது, தவணைக்காக இன்னொரு கடன் வருகிறது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, மாதத் தவணையோ அறுவடையை ஒட்டிய தவணையோ கேட்டுப் பெறுவது. இரண்டாவது, நிலத்தைப் பிரித்துப் பயிரிடுவது. 50 சென்ட்டில் 10 சென்ட் சிறுகீரை, 20 சென்ட் வெண்டை, 20 சென்ட் கத்தரி என்று வைக்கலாம். கீரை 25 நாளில் வரும். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்புக்கு வரும். கத்தரி நட்ட இரண்டு மாதத்தில் தொடங்கிப் பல வாரங்கள் காய்க்கும். வாரத் தவணைக்கு வார வரவு கிடைத்துவிடும்.

கடன் எங்கே பெறலாம்?

முதலில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை அணுகுங்கள். தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் செலுத்துவோருக்கு வட்டி இல்லை. வங்கிகளில் உழவர் கடன் அட்டை (கிசான் கார்டு) மூலம் 3 லட்சம் ரூபாய் வரை பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவிகிதம். உரிய காலத்தில் செலுத்தினால் 4 சதவிகிதம்தான். 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரை விவசாயக் கடனுக்கு ஈடு தேவையில்லை.

பட்டா இல்லாத குத்தகை விவசாயிகள் 4 முதல் 10 பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்துக் கடன் கேட்கலாம். வீட்டுப் பெண்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் சேரலாம். தமிழ்நாட்டில் 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய முயற்சி இது. குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை நபார்டு வங்கி 1992-இல் தொடங்கியது. குழுவின் சேமிப்பிலிருந்து எடுக்கும் உள்கடனுக்குக் கட்டும் வட்டி குழுவுக்கே திரும்புகிறது.

தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

நுண்கடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் வகுத்த விதிகளின்படி:

* ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு கேட்கக் கூடாது.
* எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.
* கடன் வாங்குபவரின் தேவைக்கேற்பத் தவணைக் காலத்தை அமைத்துத் தர வழி இருக்க வேண்டும்.
* கடன் அட்டை உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்.
* முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கிடையாது.
* தவணை கேட்டு மிரட்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது.

ஒரு குடும்பம் பல இடங்களில் கடன் வாங்கினால் என்ன ஆகும் என்பதை 2010-இல் ஆந்திரப் பிரதேசம் காட்டியது. அங்கே வசூல் நெருக்கடி முற்றி, அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது.

கடன் வாங்கும் முன்

ஒரு நோட்டில் இரண்டு பத்தி கோடு போடுங்கள். ஒன்றில் தவணை நாட்கள், மற்றதில் பறிப்பு நாட்கள். காய் விலையைச் சென்ற ஆண்டின் உச்ச விலையில் கணக்கிடாதீர்கள். வரத்து மிகுந்த மாதத்தின் விலையில் கணக்கிடுங்கள். அந்த விலையிலும் தவணை கட்ட முடியுமானால் கடன் வாங்கலாம். முடியாவிட்டால் தொகையைக் குறையுங்கள். பயிருக்கு வாங்கிய பணத்தைப் பயிருக்கே செலவிடுங்கள். இவ்வாறு செய்தால் சிறு கடனே சிறு விவசாயிக்கு நல்ல துணையாகும்.